கொல்கத்தாவில் எழுபத்தைந்து நிமிடம்

என் தங்கை கன்னியாஸ்திரி. பிளஸ் டூ முடித்த கையோடு மடத்தில் சேர்ந்தாள். இப்போது அசாமில், திப்ருகாரிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். நான் ஜவ்வாது மலை மேலே கிராமச் செவிலியர். வாரம் முழுக்க ஜமுனாமரத்தூரில் வாடகை அறையில் இருந்துவிட்டு, சனிக்கிழமை பஸ் பிடித்துப் படவேட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இறங்குவேன். அங்கே அம்மா மட்டும் இருக்கிறாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கான காரணம் இங்கே வேண்டாம். ஆனால் கூடவே இருந்த மகள் நான்தான், விட்டுப்போனவள் அவள் என்ற எண்ணம் எனக்குள் எப்போதும் உண்டு. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பொய்யாகிவிடும்.

தங்கை மடத்துக்குப் போனது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பக்தி இல்லாதவள் அல்ல அம்மா. தினமும் செபமாலை சொல்பவள். ஆனால் அடிவாரத்தில் கன்னியர் நடத்திய ஒரு விடுதியில் பல வருஷம் ஆயாவாக வேலை பார்த்தவள்.

"அவங்க துணியத் தொவச்சவ நானு," என்பாள். "பண்டிகைன்னா வூட்லர்ந்து வந்த லெட்டர மடியில வச்சினு அழுதுனு ஒக்காந்திருப்பாங்க. நான் பாத்துக்கீறேன். எம்பொண்ணுக்கு இன்னாத்துக்கு அது?"

தங்கையின் முதல் வார்த்தைப்பாட்டுக்கு, அதாவது துறவற உறுதிமொழி கொடுக்கும் சடங்குக்கு, அப்பா மட்டும் ரயிலில் மூன்று நாள் பயணம் செய்து போய்வந்தார். அன்றைக்கு அம்மா வீட்டில் எப்போதும்போலக் குழம்பு வைத்தாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு அப்பா காலமாகிவிட்டார். தங்கை போன் செய்தால் அம்மா "நல்லா கீறியா, சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவாள். வருஷக்கணக்கில் இப்படியே ஓடியது.

முதல் வார்த்தைப்பாடு வருஷா வருஷம் புதுப்பிப்பது. நித்திய வார்த்தைப்பாடு அப்படியல்ல. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை. அவர்கள் சபையில் அன்றைக்குப் பெற்றோர் மகளின் கையைப் பிடித்துக் கோவில் வாசலிலிருந்து பீடம்வரை நடத்திக்கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். தங்கைக்கு அந்த நாள் குறித்தாகிவிட்டது என்று போன் வந்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். அம்மாவைக் கூப்பிட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. "அக்கா, நீயாவது வா," என்றாள்.

பக்கத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்த அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை என்னிடமிருந்து வாங்கினாள்.

"ஏய், எத்தினி மணிக்குப் பூசை?"

"காலைல ஒம்போதரைக்கும்மா."

"சரி. வர்றேன்."

அவ்வளவுதான். போனை என்னிடம் நீட்டிவிட்டு மறுபடி புளி உடைக்க உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கம் தங்கை அழுதுகொண்டிருந்தாள்.

டிக்கெட் போடும் வேலை என்னுடையது. எங்கள் வீட்டில் போனில் செய்ய வேண்டிய எதுவும் என்னுடையதுதான். தடுப்பூசி முகாம் நெருங்கிக்கொண்டிருந்ததால் எனக்கு மூன்று நாள் விடுப்புதான் கிடைத்தது, ரயில் ஆகாது. சென்னையிலிருந்து திப்ருகாருக்கு நேர் விமானம் கிடையாது. கொல்கத்தாவில் இறங்கி மாற வேண்டும். நான் வேலை பார்க்கும் மலைக்கிராமத்தில் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல் வரும். மதியம் ஊசி போட்டு முடித்துவிட்டு அந்த மேட்டில் நின்றபடி, குறைந்த கட்டண விமானக் கம்பெனி ஒன்றின் ஆப்பில் தேடினேன்.

ஒரே டிக்கெட்டாகப் போட்டால், கொல்கத்தாவில் நான்கு மணி நேரம் போல உட்கார வேண்டும். பிற்பகல் மூன்றேகாலுக்குத்தான் அடுத்த விமானம். ஆனால் அதே கம்பெனியின் விமானம் ஒன்று பன்னிரண்டு ஐம்பதுக்கும் இருந்தது. சென்னை விமானம் பதினொன்று முப்பத்தைந்துக்கு இறங்கிவிடும். நடுவில் எழுபத்தைந்து நிமிடம். அப்படிச் சேர்த்து அவர்கள் விற்கவில்லை. தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்தால் நாமே சேர்த்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தேன். விலையும் குறைவாக இருந்தது, இருட்டுவதற்குள் மடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். இரண்டும் உண்மை. மூன்றாவதாக ஒரு காரணம் இருந்தது. விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் அம்மாவோடு உட்கார்ந்து என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கம்பெனிக்காரனே சேர்க்காததை நான் சேர்த்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை. இரவு தங்கைக்குப் போன் செய்து சொன்னேன்.

"எழுவத்தஞ்சு நிமிஷம் போதுமாக்கா?" என்று கேட்டாள்.

"ஒரே கம்பெனிதானே? நமக்காக நிக்காம எங்க போய்டப் போறான்?" என்றேன்.

கிளம்புகிற நாளில் அம்மா ஒரு பெரிய பையைக் கட்டி வைத்திருந்தாள். மலைப்புளி, சாமை அரிசி, இரண்டு பாட்டில் தேன், முறுக்கு. தேன் இருந்ததால் கையில் எடுத்துப்போக முடியாது, கவுண்டரில் ஒப்படைத்துச் சரக்கில் போட வேண்டும். "இவ்ளோ எதுக்கும்மா?" என்றதற்கு, "வெறுங்கையோடவா போவாங்க?" என்றாள். தன் கல்யாணப் பட்டுப்புடவையை மட்டும் தோளில் மாட்டும் பையில் தனியாக மடித்து வைத்துக்கொண்டாள்.

சென்னையில் சரியான நேரத்துக்கு எங்களை ஏற்றினார்கள். கதவைச் சாத்தினார்கள். அப்படியே நின்றார்கள். ஓடுபாதையில் நெரிசல் என்று அறிவிப்பு வந்தது. பிறகு இன்னொரு முறை அதே அறிவிப்பு. அம்மாவுக்கு அதுதான் முதல் விமானம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தவள், "பஸ்ஸு மாதிரி ஆள் சேர்ந்தாதான் எடுப்பானா?" என்று கேட்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் கழித்துத்தான் கிளம்பியது.

கொல்கத்தாவில் கதவு திறக்கும்போது பன்னிரண்டு பத்து. எங்கள் அடுத்த விமானத்தின் வாசல் பன்னிரண்டு இருபத்தைந்துக்கு மூடப்படும் என்று போர்டிங் பாஸில் போட்டிருந்தது. அந்த போர்டிங் பாஸ் இரண்டும் ஏற்கெனவே என் போனில் இருந்தன. முந்தின நாளே தொட்டி மேட்டில் நின்று எடுத்துவைத்தவை. பை வரும் பெல்ட்டுக்கு முன்னால் வந்து நின்றோம். பெல்ட் ஓடவே ஆரம்பிக்கவில்லை.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "நேரம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"அப்போ அந்தப் பை கெடக்கட்டும். வா, ஓடலாம்."

"அதெல்லாம் வுட்டுட்டுப் போவக்கூடாதும்மா. குண்டு கிண்டுன்னு புடிச்சிக்குவாங்க."

"புளி தானேடி கீது அதுல?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு."

இப்படித்தான் பேசினேன். அம்மா சும்மா இருந்தாள். பை வரும்போது பன்னிரண்டரை. வெளியே வந்து, மேல்தளத்துக்கு ஏறி, வாசலில் காவலரிடம் ஆதார் காட்டி உள்ளே நுழைந்து கவுண்டருக்கு ஓடினோம். அங்கே என் தங்கை வயதுள்ள ஒரு பெண் இருந்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். வாசல் மூடியாயிற்று. அதோடு, பெட்டி போடுவதாக இருந்தால் விமானம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவோம் என்றாள். அதாவது பதினொன்று ஐம்பதுக்கு. எங்கள் முதல் விமானம் ஒரு நிமிடம்கூடப் பிந்தாமல் வந்து சேர்ந்திருந்தாலும், பையை எடுத்துக்கொண்டு பதினைந்து நிமிடத்தில் அந்தக் கவுண்டருக்கு நாங்கள் வந்திருக்க முடியாது. நான் போட்டது முதலிலிருந்தே நடக்காத பயணம். விதிமுறையில் எழுதியிருந்திருக்கிறது, நான் படிக்கவில்லை.

"உங்கள் விமானம்தானே பிந்தியது?" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். "ஒரே கம்பெனி!"

"கம்பெனி ஒன்றுதான் மேடம். டிக்கெட் இரண்டு," என்றாள். குரலில் எரிச்சலும் இல்லை, இரக்கமும் இல்லை. தினமும் பலமுறை சொல்லும் வாக்கியம்போல.

நாளைக் காலை ஒன்பதரைக்கு விழா என்று சொன்னேன். அவள் மறுபடி தட்டிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். மூன்றேகால் விமானத்தில் ஒரே ஒரு இருக்கை இருக்கிறது என்றாள். அம்மாவை அதில் அனுப்பலாம். தனியாகப் போகும் வயதானவர்களுக்கு ஆள் போடுகிறோம், இங்கே இருக்கைவரை கொண்டுபோய் உட்கார வைப்பார்கள், அங்கே இறங்கியதும் வெளியே காத்திருப்பவரிடம் ஒப்படைப்பார்கள். போடட்டுமா?

நான் யோசித்தது அரை நிமிடம்கூட இருக்காது.

"வேண்டாம்," என்றேன். "இரண்டு பேரும் சேர்ந்துதான் போவோம்."

அம்மாவுக்கு இந்தி தெரியாது, ஆங்கிலம் தெரியாது, வேலூரைத் தாண்டித் தனியாகப் போனதில்லை. அந்த அரை நிமிடத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டது இதைத்தான். சொல்லிக்கொள்ளாதது வேறு. முதல் வார்த்தைப்பாட்டுக்குப் போகாத அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தவள் நான். தங்கையின் முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டியவளும் நான். நான் கொல்கத்தாவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவர்கள் இருவரும் அங்கே கைகோத்து நடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அம்மா என் முழங்கையைத் தொட்டாள். "இன்னா சொல்லுது அந்தப் பொண்ணு?"

"இன்னிக்கு இல்லியாம். நாளைக்குத்தான்."

"நாளைக்குன்னா?"

"நாளைக்கு மத்தியானம்."

அம்மா நகர்ந்துபோய்ப் பையின்மேல் கை வைத்தபடி நின்றாள். எனக்கு அந்தப் பையைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது. "இந்தப் புளி மூட்டை இல்லாம வந்திருந்தா இந்நேரம் ஏறியிருப்போம்," என்றேன். சற்று முன் அதை விட்டுவிட்டு ஓடலாம் என்று சொன்னவளிடம்தான் சொன்னேன்.

தங்கைக்குப் போன் செய்தேன். நாளை மத்தியானம்தான் விமானம் என்றேன். "சரிக்கா. அம்மாகிட்ட குடு," என்றாள். அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு, "நாங்க வர்றதுக்குள்ள முடிஞ்சிருமாமே," என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ தெரியாது. அம்மா, "இல்லடி, இல்ல. அப்டி இல்ல," என்று மூன்று முறை சொன்னாள். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டாள்.

நான்கு மணி நேரம் உட்கார முடியாதென்று டிக்கெட்டைப் பிரித்துப் போட்ட நான் அந்த விமான நிலைய நாற்காலியில் ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்திருந்தேன். மூன்றேகால் விமானத்துக்கான கடைசி அழைப்பையும் கேட்டேன். அம்மாவும் கேட்டாள், அது எங்கே போகிறது என்று தெரியாமல்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அம்மா தோள்பையை எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போனாள். திரும்பி வரும்போது பட்டுப்புடவை உடுத்தியிருந்தாள். தலையை வாரி முடிந்திருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலையை எடுத்தாள்.

"மணி ஒம்போதரை ஆனா சொல்லு," என்றாள்.

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள். எதிரே ஒரு குடும்பம் பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. யாரோ பெட்டியை உருட்டிக்கொண்டு எங்கள் காலை உரசிப் போனார்கள். பூசை முடிந்திருக்கும் நேரம்வரை, பதினொன்றரை மணிவரை, அம்மா அப்படியே உட்கார்ந்திருந்தாள். இடையில் ஒருமுறைகூட என்னைப் பார்க்கவில்லை.

மடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கரை. அந்த ஊரில் அதற்குள் வெளிச்சம் குறைந்துவிடுகிறது. கோவில் வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தங்கை ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். விரலில் புது மோதிரம். அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். முகாமுக்கு வரும் புதுத் தாய்மார்களிடம் கடமைக்காக நான் சிரிப்பது அது.

சாப்பாட்டு அறையில் எங்களுக்கு டீயும் கேக்கும் வைத்தார்கள். யாரோ ஒரு சகோதரி போனில் படங்களைக் காட்டினார். தங்கையோடு இன்னொரு பெண்ணும் அன்று வார்த்தைப்பாடு கொடுத்திருக்கிறாள். அவளுடைய அப்பா ஒரு கையில் தன் மகளையும் மறு கையில் என் தங்கையையும் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறார். கோட்டு போட்ட, உயரம் குறைந்த, எங்களுக்கு யாரென்றே தெரியாத மனிதர். அம்மா அந்தப் படத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.

"பரவால்லம்மா," என்றாள் தங்கை. "வரணும்னு நெனச்சியே, அதே போதும்."

அம்மா நிமிர்ந்தாள். "நெனச்சனா? கெளம்பி வந்தேன்டி."

"ஆமாம்மா. அததான் சொல்றேன்."

அம்மா வேண்டுமென்றே தவிர்த்தாள் என்று தங்கை நினைக்கிறாள். அது மூன்று பேருக்கும் விளங்கிவிட்டது. நான்தான் நடுவில் புகுந்தேன். அம்மாவுக்காகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, என் வாயாலேயே சொன்னேன்.

"அம்மா மேல ஒண்ணும் இல்ல. நேத்து மூணேகால் விமானத்துல ஒரு சீட்டு இருந்திச்சு. ஆனா பாஷ தெரியாதவள ஒத்தையில எப்டி அனுப்பறது? அதான் நான்..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை.

"ஒரு சீட்டு இருந்திச்சா?" என்றாள் அம்மா.

நான் டீக் கோப்பையை நகர்த்தி வைத்தேன்.

"நேத்து அந்தப் பொண்ணு அததான் சொல்லிச்சா?"

"உன்னால தனியா வர முடியாதும்மா."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

அம்மா குரலை உயர்த்தவே இல்லை. தங்கை என்னைப் பார்த்து, "அக்கா, ஏர்போர்ட்டுக்கு நேத்தே வண்டி அனுப்பியிருந்தேன். பேரு எழுதின அட்டையோட ஆள் நின்னுச்சு. அம்மாவ ஏத்தி வுட்டிருந்தா போதும்," என்றாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். இருவரும் வெளியே போனார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரே, வாசல் திறந்து விளக்குப் போட்ட கோவிலுக்குள், ஆளில்லாத பெஞ்சுகளுக்கு நடுவே, வாசலிலிருந்து பீடம்வரை நடந்துகொண்டிருந்தார்கள். பட்டுப்புடவை கசங்கியிருந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. டீயைக் குடித்து முடித்தேன்.

ஊர் திரும்பியதும் அந்தக் கம்பெனிக்கு நீளமாக ஒரு புகார் எழுதினேன். தாமதம், அலட்சியம், மனிதாபிமானம் என்றெல்லாம். தனித்தனியாக எடுக்கப்பட்ட டிக்கெட்டுகளுக்கு இடையிலான இணைப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று பதில் வந்தது. கீழே, எங்கள் சேவை எப்படி இருந்தது, நட்சத்திரம் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அவர்களைத் திட்டுவது எனக்கு ரொம்பநாள் சுகமாக இருந்தது. தடுப்பூசி முகாமில், பஸ்ஸில், டீக்கடையில், யார் கேட்டாலும் அந்தக் கதையைச் சொல்வேன். கதையில் விமானம் பிந்தும், கவுண்டர் பெண் கல்லாக நிற்பாள், அம்மா பட்டுப்புடவையில் உட்கார்ந்திருப்பாள். கேட்டவர்கள் எல்லோரும் "பாவிங்க" என்பார்கள். ஒரு சீட்டு இருந்ததை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. சனிக்கிழமைதோறும் சோறு போட்டாள், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஆனால் போன் வந்தால் இப்போது அவளே எடுத்துப் பேசுகிறாள். முன்பெல்லாம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் நீட்டுவாளே, அது நின்றுவிட்டது. தங்கையோடு அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் பேசுகிறாள். மாட்டைப் பற்றி, மழையைப் பற்றி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றி. பேசி முடித்ததும் வைத்துவிடுகிறாள்.

அடுத்த வருஷம் ஒரு சனிக்கிழமை நான் மலையிலிருந்து இறங்கி வந்தபோது வீடு பூட்டியிருந்தது. மாடு பக்கத்து வீட்டுக் கொட்டகையில் நின்றது. பக்கத்து வீட்டு அக்கா வெளியே வந்தார்.

"உனக்குத் தெரியாதா? உங்கம்மா வியாழக்கெழம கெளம்பிப் போய்ட்டாங்களே. கோயிலுக்கு வர்ற சிஸ்டருங்க ரெண்டு பேரு அசாமுக்குப் போறாங்கன்னு அவங்களோட ரயில்ல ஒட்டிக்கினாங்க. சாவி இந்தா."

அம்மா ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். முகம் கறுத்து, இளைத்து, எனக்குப் பழக்கமில்லாத ஒரு தெளிவோடு இருந்தாள். பையிலிருந்து ஒரு தேயிலைப் பொட்டலத்தை எடுத்து எனக்கு முன்னால் வைத்தாள்.

"எப்டி கீறா?" என்று கேட்டேன்.

"நல்லா கீறா."

"மூணு நாள் ரயில்ல ஒக்காந்து போயிருக்கியே. எங்கிட்ட சொல்லியிருந்தா டிக்கெட் போட்டிருப்பேன் இல்ல?"

அம்மா பையை உதறி மடித்து அலமாரியில் வைத்தாள்.

"அதான் சொல்லல," என்றாள்.